கணிப்பொறியின் விடியற்காலை

ஒரு பள்ளிக்கூடத்தின் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். எல்லாரினும் முந்தி வருபவர் காவலர். அவர் வாயிற்கதவைத் திறக்கிறார். பின்னர் ஏவலர் வந்து வகுப்பறைகளைத் திறந்து, பெருக்கி, பானைகளில் நீர் நிரப்பி வைக்கிறார். தலைமையாசிரியர் வருகிறார், ஆசிரியர்கள் வருகின்றனர், மாணவர்கள் கூட்டங் கூட்டமாக வருகின்றனர். மணி அடிக்கிறது. இறைவணக்கம் முடிகிறது. முதற் பாடம் தொடங்குகிறது. ஒருவர்பின் ஒருவராக வந்து, அவரவர் வேலையை அவரவர் செய்வதனால் அன்றோ குறித்த நேரத்தில் பாடம் தொடங்க முடிகிறது?

இனி, அதே பள்ளியில் வேறொரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். கதவு திறந்தவுடன், ஆசிரியர்களோடு புத்தக வணிகர் ஒருவரும் உள்ளே நுழைகிறார். மிட்டாய் விற்பவர் கூடையுடன் வருகிறார். என்றோ ஒருநாள் நாற்காலி பழுது பார்த்த தச்சர், 'இன்றும் ஏதேனும் வேலை இருக்கலாம்' என்று வந்து தாழ்வாரத்தில் அமர்கிறார். ஒவ்வொருவரும் தலைமையாசிரியரிடம் இரண்டே நிமிடந்தான் பேசுகிறார். அவர்களுள் எவரும் தீயவர் அல்லர். ஆயினும், முதற் பாடம் தொடங்கும்போது மணி பத்தரை ஆகிவிடுகிறது. குற்றம் யாருடையது? கட்டடத்தினுடையதா? மணியினுடையதா? காலையில் யார் யாரை உள்ளே விடுவது என்று ஒருவரும் கேளாமல் இருந்ததே குற்றம்.

கணிப்பொறிக்கும் இத்தகைய காலைப் பொழுது ஒன்று உண்டு. வாங்கிய புதிதில் விசையை அழுத்தியவுடன் சுறுசுறுப்பாக எழுந்து நின்ற பொறி, ஈராண்டு கழிந்ததும் சோம்பல் முறிக்கத் தொடங்குகிறது. திரையில் படம் தோன்றிவிடும். ஆனால் எதைத் தொட்டாலும் அசையாது. பார்ப்பவர், 'பொறி கிழடாகிவிட்டது' என்று கூறிவிடுவர். உண்மையில், பல வேளைகளில் அதற்கு வந்தது முதுமை அன்று, நெரிசலே. அந்த நெரிசல் எவ்வாறு உண்டாகிறது, அதை எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கணிப்பொறி தானாக எதையும் செய்வதில்லை. 'இன்னின்னவற்றை இன்ன முறையிற் செய்க' என்று எழுதி வைத்த கட்டளைத் தொகுதியையே அது பின்பற்றுகிறது. அக்கட்டளைத் தொகுதிக்கு நிரல் என்பது பெயர். நிரல்கள் யாவும் வட்டில் நிலையாக இருக்கும். ஆனால், அவை வேலை செய்யவேண்டுமாயின் நினைவகத்திற்குள் வந்தாக வேண்டும். நினைவகமோ மின்சாரம் நின்றவுடன் அனைத்தையும் மறந்துவிடும் தன்மையது. ஆகவே, ஒவ்வொரு நாளும் விசையை அழுத்தும்போது, கணிப்பொறி ஒன்றும் அறியாத நிலையிலிருந்தே தொடங்குகிறது. வட்டிலிருந்து நிரலை எடுத்து வருவதற்கும் ஒரு நிரல் வேண்டுமே! அந்த முதல் நிரலை எடுத்து வருபவர் யார்?

இச்சிக்கலை நினைத்தே, பொறியை எழுப்பும் செயலுக்குப் 'பூட்' செய்தல் என்று பெயரிட்டனர். தன் காலணியின் வாரைத் தானே பற்றி இழுத்துத் தன்னை மேலே தூக்கிக்கொள்வதைக் குறிக்கும் ஆங்கில வழக்கு ஒன்றிலிருந்து பிறந்த சொல் அது. 1975-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஆல்டேர் 8800' என்னும் சிறு கணிப்பொறியை வாங்கியவர்கள், இந்த முதல் நிரலைத் தம் கையாலேயே ஊட்ட வேண்டியிருந்தது. பொறியின் முகப்பில் வரிசையாக இருந்த சிறு விசைகளை மேலும் கீழுமாகத் தள்ளி, ஒவ்வோர் எண்ணாகப் பதித்து, அதன் பின்னரே பெரிய நிரலை உள்ளே செலுத்தினர். ஓர் எண் பிழைத்தாலும் நிரல் ஒழுங்காக இயங்காது.

இக்காலத்தில் அத்தொல்லை இல்லை. மின்சாரம் நின்றாலும் மறவாத சில்லு ஒன்றில் அந்த முதல் நிரல் பதிந்திருக்கிறது. பழைய பொறிகளில் அதனைப் 'பயாஸ்' என்றனர், புதியனவற்றில் 'யூ.இ.எப்.ஐ.' என்கின்றனர். நாம் முன்னர்க் கண்ட வாயிற்காவலர் இவரே. இவர் நினைவகம், விசைப்பலகை, வட்டு முதலியன நலமாக உள்ளனவா என்று ஒரு நொடியில் ஆராய்கிறார். பின்னர், விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை எழுப்பி, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கிறார். இயங்குதளம் தலைமையாசிரியரைப் போன்றது. அது தன் பணியாளர்களை அழைத்துக்கொள்கிறது. திரைக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், இணையத் தொடர்புக்கு ஒருவர் என்று அவர்கள் வருகின்றனர். இவர்கள் இன்றிப் பள்ளி நடவாது.

இதன் பின்னரே நாம் கருதவேண்டிய பகுதி வருகிறது. நாம் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே சென்றவுடன், இயங்குதளம் ஒரு பட்டியலை எடுத்துப் பார்க்கிறது. 'பொறி எழுந்ததும் இவர்களையெல்லாம் அழைக்க' என்று அதில் எழுதியிருக்கிறது. அப்பட்டியலில் உள்ள நிரல்கள், நாம் அழையாமலே ஒவ்வொன்றாக ஓடத் தொடங்குகின்றன. இவற்றைத் தொடக்க நிரல்கள் எனலாம். பட்டியல் நம் பொறியில் இருக்கிறது; நம் பெயராலேயே அது நிறைவேற்றப்படுகிறது. ஆனால், அதனை எழுதியவர் பெரும்பாலும் நாம் அல்லோம்!

முற்காலத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. 1980-களில் பரவிய கணிப்பொறிகளில் 'டாஸ்' என்னும் இயங்குதளம் இருந்தது. அதில், தொடக்கத்தில் செய்யவேண்டியவற்றை 'ஆட்டோஎக்ஸெக்.பேட்' என்னும் ஒரு சிறு கோப்பில் வரிவரியாக எழுதி வைப்பர். அது வெறும் எழுத்தால் ஆனது. எவரும் திறந்து படிக்கலாம். வேண்டாத வரியை அடிக்கலாம். அக்காலத்து நிரல்கள் பெரும்பாலும் 640 கிலோபைட் நினைவகத்திற்குள்ளேயே அடங்கி இயங்க வேண்டியிருந்தது. இடம் சிறிதாகையால், உரிமையாளர் ஒவ்வொரு வரியையும் கணக்குப் பார்த்தே எழுதினார். சிறுகுடிலில் வாழ்பவன் விருந்தினரை எண்ணிப் பார்த்து அழைப்பது போன்றது அது.

1995-இல் 'விண்டோஸ் 95' வெளிவந்தது. தொடக்க நிரல்களுக்கென்று ஓர் உறை அதில் அமைந்திருந்தது. அதில் இட்டவற்றைக் கண்ணால் காணலாம். ஆனால், அதனோடு, 'ரெஜிஸ்ட்ரி' எனப்படும் பெரும் பதிவேட்டிலும் அழைப்புப் பட்டியல்கள் இடம்பெற்றன. பதிவேட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் பொதுமக்களுக்கு இல்லை. பிற்காலத்தில், குறித்த வேளையில் வேலைகளைத் தொடங்கும் அட்டவணை, மறைவில் இயங்கும் சேவைகள் என்று வழிகள் மேலும் பெருகின. ஒரே வாயில் இருந்த வீட்டிற்குப் பல வாயில்கள் உண்டாயின. புதிதாக நிறுவப்படும் நிரல், தன் பெயரைத் தானே அங்கு எழுதிக்கொள்ளும் வழக்கமும் பரவியது.

நிரலை ஆக்குவோர் இவ்வாறு செய்வது ஏன்? நேர்மையான காரணங்களும் உள்ளன. கிருமி நிரல்களைத் தடுக்கும் காவல் நிரல், காலையிலேயே வந்து நின்றால்தான் காவல் செய்ய முடியும். தமிழில் எழுதுவோர்க்கு உதவும் விசைப்பலகை நிரல், முதலிலேயே வந்துவிட்டால் நமக்கு எளிது. வேறு சில, தம்மை நாம் பிறகு அழைக்கும்போது விரைந்து தோன்றவேண்டும் என்பதற்காக முன்னரே பாதி எழுந்து காத்திருக்கின்றன. புதிய பதிப்பு வந்துள்ளதா என்று பார்ப்பதற்கென்றே நாள்தோறும் எழுபவை சில. நம் கண்ணில் எப்பொழுதும் பட்டுக்கொண்டிருந்தால் நம்மை மறவார் என்ற வணிக நோக்கத்தால் வருபவையும் உண்டு. ஒவ்வொன்றும், 'நான் எடுத்துக்கொள்வது இரண்டு நொடிதானே' என்று கூறும். அவ்வாறு கூறுபவை பதினைந்து இருப்பதே துன்பம்.

நெரிசலின் தன்மையைச் சற்று விளக்குவோம். பழைய வகை வட்டு, நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. ஒரு சிறு கை அதன்மேல் உள்ளும் புறமும் நகர்ந்து செய்தியைப் படிக்கிறது. அக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்ல, நொடியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு நேரமாகும். நூலகத்தில் ஏவலர் ஒருவரே இருக்க, பதினைந்து பேர் ஒரே வேளையில், 'எனக்கு இந்நூலில் ஒரு பக்கம், எனக்கு அந்நூலில் ஒரு பக்கம்' என்று கேட்டால், அவர் அலைவதிலேயே பொழுது போய்விடும் அன்றோ? வட்டின் கையும் அவ்வாறே அலைகிறது. அசையும் உறுப்பே இல்லாத புதிய 'எஸ்.எஸ்.டி.' வட்டுகளில் இத்துன்பம் பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும், வந்து அமர்ந்த நிரல்கள் நினைவகத்தில் இடம் பிடித்துக்கொள்கின்றன. மடிக்கணினியாயின் மின்கலத்தையும் சிறிது சிறிதாக உண்கின்றன. விரைவான வட்டு, நெரிசலை மறைக்கிறதே அன்றி நீக்குவதில்லை.

பட்டியலைக் காண்பது இக்காலத்தில் எளிது. 1998-இல் வந்த 'விண்டோஸ் 98', இதற்கென 'எம்எஸ்கான்பிக்' என்னும் கருவியைத் தந்தது. 2012-இல் வந்த 'விண்டோஸ் 8' முதலாக, 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பணி மேலாளரிலேயே இப்பட்டியல் இடம்பெற்றது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் அம்மேலாளர் தோன்றும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்னும் பகுதியைத் திறந்தால், நிரலின் பெயர், அதை ஆக்கியவர் பெயர், அது இசைவு பெற்றதா இல்லையா என்னும் குறிப்பு, அதனால் நேரும் சுமை ஆகியவை வரிசையாகக் காணப்படும். தொடக்கத்தில் மையச் செயலகத்தின் நேரத்தில் 1 நொடிக்கு மேல் எடுத்துக்கொள்வதையோ, வட்டிலிருந்து 3 மெகாபைட்டுக்கு மேல் படித்து எழுதுவதையோ மிகுந்த சுமை உடையது என்று அது குறிக்கிறது. மாக் கணிப்பொறியில் அமைப்புகளுக்குள் 'லாகின் ஐட்டம்ஸ்' என்னும் பகுதியில் இப்பட்டியல் உள்ளது. லினக்ஸ் வகைகள் பலவற்றில் வழங்கும், 2010-இல் தோன்றிய 'சிஸ்டம்டி' என்னும் ஏற்பாட்டில், எந்தச் சேவை எத்துணை நேரம் எடுத்தது என்று வரிசைப்படுத்திக் காட்டும் கட்டளையும் உண்டு. அக்கட்டளையின் பெயரே 'குறை கூறு' என்னும் பொருள்பட அமைந்திருப்பது சுவையானது.

காண்பது எளிது, தீர்ப்பளிப்பதே அருமை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் பார்த்து மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். முதலாவது: இதனை ஆக்கியவர் யார்? இரண்டாவது: இது செய்யும் வேலை யாது? மூன்றாவது: இது காலையில் வாராவிட்டால் நான் இழப்பது என்ன? பாட்டுக் கேட்பதற்கான நிரல் காலையில் வாராவிட்டால் இழப்பு ஒன்றும் இல்லை. பாட்டுக் கேட்க விரும்பும்போது அழைத்துக்கொள்ளலாம். விளையாட்டு நிரலும், திங்களுக்கு ஒருமுறை பயன்படும் கூட்டத்திற்கான நிரலும் அத்தகையனவே. காவல் நிரலையும், ஒலி, தொடுபலகை முதலிய உறுப்புகளுக்கு உதவும் நிரல்களையும் தொடலாகாது.

மூன்றாம் வினாவை எழுப்பாதவர் அடையும் துன்பத்திற்கு ஒரு சான்று கூறுவேன். எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர், தம் ஊர் முதியோர் பாடிய நாட்டுப்பாடல்களைக் கேட்டு எழுதிக் கணிப்பொறியில் சேர்த்து வந்தார். பொறி மெதுவாக எழுவது கண்டு சினந்து, ஒருநாள் தொடக்கப் பட்டியலில் இருந்த அனைத்தையும் ஒரே மூச்சில் நிறுத்திவிட்டார். பொறி விரைந்து எழுந்தது, அவரும் மகிழ்ந்தார். அவர் நிறுத்தியவற்றுள், கோப்புகளுக்கெல்லாம் நாள்தோறும் படி எடுத்துத் தொலைவிலுள்ள சேமிப்பகத்தில் வைக்கும் நிரலும் ஒன்று என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. சில திங்கள் கழித்து வட்டு பழுதாயிற்று. அத்திங்கள்களில் சேர்த்த பாடல்கள் அனைத்தும் அழிந்தன. மீண்டும் கேட்டு எழுதலாம் என்று சென்றபோது, பாடிய மூதாட்டியருள் இருவர் மறைந்துவிட்டிருந்தனர். இரண்டு நிமிடத்தைச் சேமிக்கச் சென்று, மீட்க முடியாத ஒன்றை அவர் இழந்தார். வேண்டாதவரை வெளியே நிறுத்துவது எவ்வளவு இன்றியமையாததோ, வேண்டியவரை அடையாளம் கண்டு அமர்த்துவதும் அவ்வளவு இன்றியமையாதது.

ஆகவே, இவ்வேலையைப் பொறுமையுடன் செய்தல் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு நிரலை மட்டும் நிறுத்துக. எதை, எந்நாளில் நிறுத்தினோம் என்று குறிப்பேட்டில் எழுதுக. பொறியை மீண்டும் எழுப்பி, எல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க. நிறுத்துதல் வேறு, நீக்குதல் வேறு. பட்டியலில் நிறுத்திய நிரல் பொறியை விட்டுப் போய்விடுவதில்லை. காலையில் தானாக வருவதை மட்டும் அது விட்டுவிடுகிறது. பிழை நேர்ந்தால், மறுபடியும் இசைவு தந்து பழைய நிலைக்கு மீளலாம்.

விரைவினும் பெரிய காரணம் ஒன்றும் இப்பட்டியலை நாம் அறிந்திருக்க வேண்டுவதற்கு உண்டு. 2000-ஆம் ஆண்டு மே திங்கள் 4-ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒரு தீய நிரல் உலகெங்கும் பரவியது. 'ஐ லவ் யூ' என்னும் தலைப்புடன் காதற் கடிதம் போல மின்னஞ்சலில் அது வந்தது. ஆவலுடன் இணைப்பைத் திறந்தவரின் பொறியில் புகுந்து, படக் கோப்புகள் முதலியவற்றை அழித்து அவற்றின் இடத்தில் தன் படியையே எழுதியது. அவருடைய முகவரிப் பட்டியலில் இருந்தோர்க்கெல்லாம் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. அதனோடு அமையவில்லை. பதிவேட்டின் தொடக்கப் பட்டியலில் தன்னை எழுதி வைத்தது. அங்கு அது சூட்டிக்கொண்ட பெயர்கள் யாவை தெரியுமா? 'எம்எஸ்கெர்னல்32', 'வின்32டிஎல்எல்' என்பன. பார்ப்பவர்க்கு அவை இயங்குதளத்தின் உறுப்புகள் போலவே தோன்றும். பொறியை நிறுத்தி எழுப்பினால் தீங்கு போய்விடும் என்று எண்ணியவர் ஏமாந்தனர். ஒவ்வொரு காலையிலும் பொறியே அத்திருடனை எழுப்பி வேலையில் அமர்த்தியது. இத்தகைய குற்றத்திற்கு ஏற்ற சட்டம் அப்போது அந்நாட்டில் இல்லாமையால், ஐயத்திற்கு உரியவர்மீது வழக்கும் நிலைக்கவில்லை.

அதற்குப் பின்னரும் தீய நிரல்கள் பல இவ்வழியையே நாடின. எனவே, அறியாத பெயர் ஒன்று பட்டியலில் தென்பட்டால், அதனை ஆக்கியவர் பெயர் உள்ளதா, அக்கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்தல் வேண்டும். ஐயம் நீங்காவிடில் அறிந்தவரை அழைத்துக் காட்ட வேண்டும். பெயர் விளங்கவில்லை என்பதற்காக எதையும் அழித்துவிடுதல் கூடாது. நல்ல பணியாளர் பலருக்கும் விளங்காத பெயர்களே உள்ளன. எல்லா வாயில்களையும் ஒருங்கே காட்டும் 'ஆட்டோரன்ஸ்' என்னும் கருவியை மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் ஆகிய இருவர் ஆக்கினர். அவர்களுடைய நிறுவனத்தை 2006-இல் மைக்ரோசாப்ட் தன்னுடன் இணைத்துக்கொண்டது. மாக் கணிப்பொறிகளுக்கு 2022-இல் வந்த 'வெஞ்சுரா' பதிப்போ, ஒரு நிரல் தொடக்கப் பட்டியலில் சேர்ந்தவுடன் உரிமையாளர்க்கு அதனை அறிவிக்கிறது. வந்தவரின் பெயரை வீட்டுக்காரரிடம் சொல்லும் காவலர் நல்ல காவலர் அல்லரோ?

பொறியின் விரைவைப் பெருக்கப் பெரும் பொருள் செலவிட்டுப் புதிய உறுப்புகள் வாங்குவார் உண்டு. அதற்கு முன்னர், செலவே இல்லாத இவ்வொரு செயலைச் செய்து பார்ப்பது அறிவுடைமை. மூன்று திங்களுக்கு ஒருமுறை பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயராகப் படித்துப் பாருங்கள். அறிந்த பெயர்களுக்கு எதிரே அவற்றின் வேலையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அறியாதவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியின் வாயிலில் அமர்ந்த காவலரும் இதனையே செய்கிறார். வருவோர் அனைவரையும் அவர் துரத்துவதில்லை, அனைவரையும் விட்டுவிடுவதுமில்லை. பெயர் கேட்கிறார், வந்த காரியம் கேட்கிறார், ஏட்டில் எழுதுகிறார். அதன் பின்னரே கதவைத் திறக்கிறார்.